ரோட்டவேட்டர் பிளேடு, கலப்பைக் கொழு தேய்மானம்: கடினப் பூச்சு எந்த மண்ணுக்கு, எந்த இடத்தில், எவ்வளவு?

ரோட்டவேட்டர் ஓடும்போது ஒரு பிளேடு எவ்வளவு தூரம் மண்ணில் உரசுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ரோட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சின் நடுவிலிருந்து பிளேடு முனை வரை 25 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு முனை 157 செ.மீ. நகர்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 19 கி.மீ. ஆகிறது. 12 செ.மீ. ஆழத்தில் உழும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தூரம்தான் பிளேடு மண்ணை வெட்டுகிறது. அப்படிப் பார்த்தாலும் மணிக்கு 3 கி.மீ. வருகிறது. எட்டு மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு பிளேடும் சுமார் 25 கி.மீ. மண்ணோடு உரசி வருகிறது.

மணலும் சரளையும் கலந்த மண்ணில் இத்தனை தூரம் உரசினால் எந்த இரும்பும் தேயத்தான் செய்யும். முனை மொட்டையானால் ஆழம் குறையும், டிராக்டர் திணறும், டீசல் கூடும், கட்டி உடையாமல் இரண்டாவது முறை ஓட்ட வேண்டிவரும். பிளேடு விலையை மட்டும் பார்த்தால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வாகப் பல ஊர்களில் லேத் பட்டறையில் பிளேடு முனைக்குக் கடினமான ராடு வைத்து வெல்டிங் செய்து கொள்கிறார்கள். பட்டறையில் இதை ஹார்டுஃபேசிங் என்பார்கள். நாம் கடினப் பூச்சு என்று சொல்லலாம். சரியாகச் செய்தால் நல்ல பலன் தரும் வேலை இது. ஆனால் ஒரே ராடு, ஒரே முறை எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. மண்ணைப் பார்த்து, தேயும் இடத்தைப் பார்த்து, ஏக்கருக்கு என்ன செலவு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேய்மானம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?

1953-ல் ஆர்ச்சர்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தேய்மானத்துக்கு எளிய விதி ஒன்றைச் சொன்னார். அழுத்தம் கூடினால் தேய்மானம் கூடும். உரசும் தூரம் கூடினால் தேய்மானம் கூடும். பரப்பின் கடினம் கூடினால் தேய்மானம் குறையும். இந்த மூன்றில் முதல் இரண்டும் பைசா செலவில்லாமல் உங்கள் கையிலேயே இருக்கின்றன.

காய்ந்து இறுகிய நிலத்தில் ஓட்டினால் அழுத்தம் பல மடங்கு கூடும். பதம் பார்த்து உழுதால் அது குறையும். ஒரு முறை ஓட்டிச் சரியாகும் நிலத்தில் இரண்டு முறை ஓட்டினால் உரசும் தூரம் இரட்டிப்பாகும், தேய்மானமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ரோட்டர் வேகத்தை மாற்றும் கியர் வசதி உள்ள கருவியில், மாவு போல மண் தேவைப்படாத பயிருக்குக் குறைந்த வேகத்தில் ஓட்டினாலே பிளேடு பல நாள் கூடுதலாக நிற்கும். இவற்றைச் சரி செய்த பிறகுதான் மூன்றாவதான கடினத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டும்.

மணல் எவ்வளவு கடினம், இரும்பு எவ்வளவு கடினம்?

கடினத்தை அளக்க விக்கர்ஸ் என்ற அளவு உண்டு. சாதாரண இரும்புத் தகடு இந்த அளவில் சுமார் 120 முதல் 150 வரை இருக்கும். பழுக்கக் காய்ச்சித் தோய்த்து எடுத்த நல்ல ரோட்டவேட்டர் பிளேடு 400 முதல் 550 வரை இருக்கும். நம் செம்மண்ணிலும் ஆற்று மணலிலும் உள்ள குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் துகளோ சுமார் 1,000. நல்ல பிளேடைவிட மணல் துகள் இரண்டு மடங்கு கடினம் என்பதால்தான் மணல் ஜெயிக்கிறது, இரும்பு தோற்கிறது.

மணலை ஜெயிக்க வேண்டும் என்றால் பூச்சுக்குள் மணலைவிடக் கடினமான துகள் இருக்க வேண்டும். குரோமியம் கார்பைடு துகள் சுமார் 1,500, டங்ஸ்டன் கார்பைடு 2,000-க்கு மேல். கடினப் பூச்சு ராடுகளில் இருப்பது இப்படிப்பட்ட துகள்களை உருவாக்கும் பொருட்கள்தான்.

இதைச் சிமெண்ட் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கார்பைடு துகள்கள்தான் ஜல்லி. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புதான் சிமெண்ட். ஜல்லி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், இடையில் உள்ள சிமெண்டை மணல் அரித்துவிட்டால் ஜல்லி பெயர்ந்து விழும். ஜல்லி நெருக்கமாக இருந்தால் நுண்மணல் நுழைய இடம் கிடைக்காது. ஆனால் ஜல்லி மட்டுமே நிறைந்து சிமெண்ட் குறைந்தால், பெரிய கல் மோதும்போது தரையே பொரிந்து போகும். தேய்மானத்தைத் தாங்குவது ஒரு குணம், அடியைத் தாங்குவது வேறொரு குணம். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். உங்கள் மண்ணுக்கு எது அதிகம் வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்கள் மண்ணை முதலில் பாருங்கள்

மண்ணில் மணல் எவ்வளவு என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி, ஆடாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்குவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் மேல் படிவது வண்டல். அதற்குப் பிறகும் கலங்கலாக இருந்து மெல்லப் படிவது களி. மணல் அடுக்கு பாதிக்கு மேல் இருந்தால் உங்கள் கருவிக்குத் தேய்மானம்தான் முதல் எதிரி.

மணற்பாங்கான நிலம், தேரி மணல், ஆற்றோரப் படுகை போன்றவற்றில் கல் மோதுவது குறைவு, உரசல் அதிகம். இங்கே கார்பைடு நிறைந்த, மிகக் கடினமான குரோமியம் கார்பைடு பூச்சு நன்றாக வேலை செய்யும்.

சரளையும் பாறைத் துண்டும் கலந்த செம்மண்ணில் உரசலும் உண்டு, அடியும் உண்டு. இங்கே மிகக் கடினமான பூச்சு போட்டால் சில நாளிலேயே சில்லு சில்லாகத் தெறித்துவிடும். கடினம் சற்றுக் குறைந்து, அடியைத் தாங்கும் தன்மை உள்ள ராடைக் கேட்டு வாங்குங்கள். டங்ஸ்டன் கார்பைடு துண்டு பற்றவைத்த கொழுக்களும் உண்டு. மணலில் அவை அருமையாக நிற்கும், கல் நிலத்தில் துண்டு உடைந்துவிடும்.

கரிசல் மண்ணில் மணல் குறைவு. அதில் கிடக்கும் சுக்கான் கல் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது, இரும்பைவிட மென்மையானது. கரிசலில் பெரிய தொல்லை தேய்மானம் அல்ல, மண் ஒட்டுவதுதான். ஒட்டிய மண்ணோடு உழும்போது இரும்பு மண்ணில் வழுக்குவதில்லை, மண்ணே மண்ணில் உரசுகிறது. இழுவை கூடுகிறது. இங்கே மேடு பள்ளமாக வெல்டிங் வைத்தால் மண் இன்னும் அதிகமாக ஒட்டும். பரப்பு பளபளப்பாக இருப்பதுதான் கரிசலுக்குத் தேவை. வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால் அந்தப் பளபளப்பு கெடாது. துரு ஏறிய பரப்பில் மண் பிடித்துக்கொள்ளும்.

சேற்றுழவுக்கு ஒரு சொல். தண்ணீர் நின்ற வயலில் தேய்மானத்தோடு துருவும் சேர்ந்து வேலை செய்கிறது. இரவில் மெல்லிய துரு படிகிறது, காலையில் மணல் அதை உரசி எடுக்கிறது, புது இரும்பு வெளியே வந்து மீண்டும் துருப்பிடிக்கிறது. உப்புத் தண்ணீர் பாயும் நிலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். தொழி அடித்து முடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி வைப்பது ஒரு பூச்சுக்குச் சமம்.

எலிப் பல் சொல்லும் பாடம்

வயலில் எலி தொல்லை கொடுத்தாலும் அதன் பல்லில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எலியின் முன்பல்லில் கடினமான எனாமல் முன்பக்கம் மட்டுமே உண்டு. பின்பக்கம் மென்மையானது. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் முதலில் தேய்கிறது. முன்பக்கக் கடின அடுக்கு மெல்லிய கத்தி போல நீட்டி நிற்கிறது. அதனால் எலிப் பல் தேயத் தேயக் கூராகிறது.

பிளேடுக்கும் கொழுவுக்கும் இதே முறைதான். முனையில் ஒரு பக்கம் மட்டும் பூச்சு வையுங்கள். பூச்சு இல்லாத பக்கம் சற்று வேகமாகத் தேய்ந்து, பூச்சுள்ள விளிம்பு கூராகவே நிற்கும். "இரண்டு பக்கமும் வைத்தால் இரண்டு மடங்கு உழைக்கும்" என்று நினைத்து இருபுறமும் வைத்தால் முனை தடித்து, முதல் நாளிலிருந்தே மொட்டைக் கருவியாகிவிடும். பிளேடு நீண்ட நாள் நிற்கும், ஆனால் டீசலைத் தின்றுகொண்டே நிற்கும். கடினப் பூச்சு தானாக உராய்வைக் குறைத்துவிடுவதில்லை. முனையின் வடிவத்தையும் கூரையும் காப்பாற்றுவதால்தான் டீசல் மிச்சமாகிறது.

எந்த இடத்தில் வைப்பது? இதற்கு உங்கள் பழைய பிளேடுதான் சரியான பதில் சொல்லும். தேய்ந்த பிளேடைப் புது பிளேடின் மேல் வைத்து, சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே எங்கே அதிகம் குறைந்திருக்கிறதோ அங்கேதான் பூச்சு வேண்டும். எல் வடிவ பிளேடில் பெரும்பாலும் வெட்டும் விளிம்பும் முனை மூலையும்தான் போயிருக்கும். பிளேடு முழுவதும் பூசுவது வீண் செலவு, கூடுதல் எடை.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

* புதிய பிளேடுக்கு, அல்லது கொஞ்சம் மட்டும் தேய்ந்த பிளேடுக்குப் பூச்சு வையுங்கள். பாதி தேய்ந்து மெலிந்த விளிம்பில் வெல்டிங் வைத்தால் விளிம்பே உருகி ஓடும்.

* ராடு எது என்று கேளுங்கள். கிரில் கேட்டுக்குப் பயன்படுத்தும் 6013 ராடு மென்மையான இரும்பைத்தான் வைக்கும், மணலுக்கு அது தாங்காது. 7018 ராடு வலுவான இணைப்புக்கு நல்லது, தேய்மானத்துக்கு அல்ல. ஹார்டுஃபேசிங் ராடு என்று தனியாக உண்டு.

* லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி முனையில் ஒட்டும் பழக்கம் உண்டு. வெல்டிங் சூட்டில் பட்டையின் தோய்ச்சல் இறங்கிவிடும், இணைப்பின் ஓரத்தில் விரிசலும் விழும். பழுதுக்கு அவசர உதவியாக வைத்துக்கொள்ளலாம், நிரந்தரத் தீர்வாக அல்ல.

* மண்ணும் எண்ணெயும் பெயின்டும் போகும்படி விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே ராடு வைக்க வேண்டும். நமுத்துப்போன ராடு வேண்டாம். மழைக்காலத்தில் திறந்து கிடந்த ராடு ஈரம் குடித்திருக்கும், பூச்சில் ஓட்டை ஓட்டையாக வரும்.

* நல்ல பிளேடு கார்பன் கூடிய எஃகு. ஜில்லென்று இருக்கும்போது நேரடியாக வெல்டிங் வைத்தால் விரிசல் விழும். 150 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சீராகச் சூடேற்றி வைப்பது நல்லது. வேலை முடிந்ததும் தண்ணீரில் போடவே கூடாது. காய்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆற விடுங்கள்.

* கரண்ட் அளவைக் குறைத்து, சிறு சிறு வரிகளாக வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் கூடினால் அடியிலுள்ள இரும்பு அதிகம் உருகிப் பூச்சோடு கலந்து, பூச்சின் கடினத்தைக் குறைத்துவிடும். ஒரே பிளேடில் தொடர்ந்து வைக்காமல், நான்கைந்து பிளேடுகளை வரிசையாக வைத்து மாற்றி மாற்றிச் செய்தால் சூடு ஏறாது.

* ரோட்டவேட்டர் பிளேடுக்கு 2 முதல் 3 மி.மீ. கனம் போதும். மேலே மேலே அடுக்கினால் பூச்சு பெயர்ந்து வரும்.

* போல்ட் துளைக்குப் பக்கத்திலும், பிளேடு வளையும் இடத்திலும் வெல்டிங் கூடவே கூடாது. சூடு பட்ட இடம் பலவீனமாகி, ஓடும்போது பிளேடு முறியும். முறிந்த பிளேடு தெறித்து ஆளைத் தாக்கும் ஆபத்து உண்டு. ரோட்டவேட்டர் ஓடும்போது பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள்.

* ஒரு ஃபிளாஞ்சில் உள்ள எல்லா பிளேடுகளுக்கும் ஒரே அளவு பூச்சு வையுங்கள். எடை வித்தியாசம் வந்தால் ரோட்டர் அதிர்ந்து, பேரிங்கும் ஆயில் சீலும் போகும்.

* குரோமியம் கலந்த ராடு எரியும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். காற்றோட்டமான வெளியிடத்தில், காற்று வீசும் திசைக்கு ஏற்றபடி நின்று செய்ய வேண்டும்.

வைத்த பூச்சு கடினமானதா என்று சோதிக்க ஓர் அரம் போதும். ஆறிய பிறகு அரத்தை வைத்து இழுங்கள். அரம் பிடித்துத் துகள் உதிர்ந்தால் பூச்சு மென்மை. அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினம். குரோமியம் கார்பைடு பூச்சில் வரிக்குக் குறுக்காக மயிரிழை விரிசல்கள் தெரியலாம். அது அந்தப் பூச்சின் இயல்பு, பயப்பட வேண்டாம். விரிசல் வரியின் நீளவாக்கில் ஓடினாலோ, அடி இரும்புக்குள் இறங்கினாலோ அந்த பிளேடை ஒதுக்கிவிடுங்கள்.

கொழுவுக்கு வரி வைக்கும் திசை

கல்டிவேட்டர் கொழு, உளிக் கலப்பை முனை போன்றவற்றில் வெல்டிங் வரியின் திசையும் முக்கியம். நுண்மணல் நிலத்தில் மண் நகரும் திசைக்குக் குறுக்காக வரி வைத்தால், வரிகளுக்கு இடையில் மணல் தங்கி, பின்னால் வரும் மணலை அந்த மணலே தாங்கிக்கொள்ளும். கல் நிலத்தில் மண் நகரும் திசையிலேயே நீளவாக்கில் வரி வைத்தால் கல் வழுக்கிக்கொண்டு போகும், மோதாது. மணலும் களியும் கலந்த மண்ணுக்குக் கட்டம் கட்டமாகவோ புள்ளி புள்ளியாகவோ வைக்கலாம்.

இரு முனைக் கொழுவாக இருந்தால், பூச்சுக்கு முன் அதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்திவிட்டீர்களா என்று பாருங்கள். டிராக்டர் சக்கரத்துக்கு நேர் பின்னால் வரும் கொழுக்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும், ஏனென்றால் சக்கரம் மிதித்து இறுக்கிய மண்ணை அவைதான் கிழிக்கின்றன. அவ்வப்போது அவற்றை ஓரக் கொழுக்களோடு இடம் மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் பூச்சு வைக்கக் கையில் பணம் இல்லையென்றால், அந்தக் கொழுக்களுக்கு மட்டும் வைத்தாலே போதும்.

இலாபமா? நீங்களே கணக்குப் பாருங்கள்

பூச்சு போட்டால் எத்தனை மடங்கு உழைக்கும் என்று யாரும் உங்களுக்குப் பொதுவாக உத்தரவாதம் தர முடியாது. மண்ணுக்கு மண், பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆனால் ஒரு கணக்கு எப்போதும் பொருந்தும். பிளேடு விலையோடு பூச்சுச் செலவைக் கூட்டி, அந்த பிளேடு உழுத ஏக்கரால் வகுங்கள். அதுதான் ஏக்கருக்கு பிளேடு செலவு.

உதாரணத்துக்கு, ஒரு செட் பிளேடு 4,000 ரூபாய், பூச்சு இல்லாமல் 80 ஏக்கர் உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 50 ரூபாய். பூச்சுக்கு 2,000 ரூபாய் செலவழித்தால் மொத்தம் 6,000. அது 120 ஏக்கர் உழுதால் அதே 50 ரூபாய்தான், இலாபமும் இல்லை நட்டமும் இல்லை. 120-ஐத் தாண்டினால்தான் மிச்சம். பூச்சுச் செலவு பிளேடு விலையில் பாதி என்றால், ஆயுள் ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டும். இதோடு பிளேடு மாற்ற ஆகும் கூலியையும், மொட்டை முனையால் ஆகும் கூடுதல் டீசலையும் சேர்த்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு, சீசன் நேரத்தில் பிளேடு மாற்ற வண்டி நிற்கும் அரை நாளும் செலவுதான்.

முழு செட்டுக்கும் பணம் போடும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு ஃபிளாஞ்சில் உள்ள எல்லா பிளேடுகளுக்கும் பூச்சு வையுங்கள், அடுத்த ஃபிளாஞ்சை அப்படியே விடுங்கள். இப்படி ஒன்றுவிட்டு ஒன்று. ஒவ்வொரு பிளேடிலும் போல்ட் பக்கமாக எண் குறித்து, மளிகைக்கடைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். இருபது முப்பது ஏக்கர் உழுத பிறகு கழற்றிக் கழுவி மீண்டும் எடை போடுங்கள். எது எத்தனை கிராம் இழந்திருக்கிறது என்பது உங்கள் மண்ணே எழுதித் தந்த சான்று. எடையோடு முனையின் கூரையும் கவனியுங்கள்.

மண் வகை பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். கருவி பற்றிய கேள்விகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

மரக் கலப்பைக்கு இரும்புக் கொழு மாட்டிய நம் முன்னோர் செய்ததும் இதைத்தான். கலப்பை முழுவதையும் அவர்கள் இரும்பில் செய்யவில்லை. மண்ணைக் கிழிக்கும் முனைக்கு மட்டும் கடினத்தைக் கொடுத்தார்கள். அடுத்த முறை புது பிளேடு வாங்கும்போது பழைய பிளேடை எறிந்துவிடாதீர்கள். அதைக் கையோடு பட்டறைக்கு எடுத்துப் போய், தேய்ந்த இடத்தைக் காட்டி, அங்கே மட்டும் பூச்சு கேளுங்கள்.